இடிக்காமல் விட்ட வாசகசாலை: கல்குளம் வட்டத்துப் பூங்கா ஒன்றின் கட்டடங்கள், 1943 முதல் 2024 வரை (நிகழ்வு ஆய்வு)

எதற்காக இந்தப் பதிவு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஒரு பேரூராட்சிப் பூங்கா இருக்கிறது. பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதன் நடுவில் நின்ற வாசகசாலை என்ற பழைய ஓட்டுக் கட்டடத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு மாடிப் படிப்பு மையம் கட்ட 2022இல் ஒரு முன்மொழிவு வந்தது. கடைசியில் இடிபட்டவை வேறு கட்டடங்கள். பழைய கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு, இன்றைக்கு அதுவே படிப்பு மையமாக நடக்கிறது.

இதற்காகப் பேரூராட்சி அமைத்த ஆலோசனைக் குழுவில் கட்டடப் பொறியாளர் என்ற முறையில் நானும் இருந்தேன். ஊர், ஆட்கள், அலுவலகம் எதன் பெயரையும் இங்கே சொல்லவில்லை. மாவட்டத்தில் பழைய பூங்கா உள்ள எந்த ஊரிலும் இதே கேள்வி எழலாம் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தொடக்கம்: 1943

பூங்கா வாசலில் உள்ள கருங்கல் பலகையில் கொல்லம் ஆண்டு 1118 மேடம் என்று வெட்டியிருக்கிறது. அது 1943 ஏப்ரல், மே மாதங்கள். இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலம், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சி. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம். சிமெண்டும் இரும்பும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் பக்கத்தில் கிடைத்ததை வைத்தே வாசகசாலையைக் கட்டியிருக்கிறார்கள். வெட்டுக்கல் சுவர், சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து, அயனி மரத்தில் உத்திரமும் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சாய்வுக் கட்டைகள்), மேலே மங்களூர் ஓடு. நடுவில் ஒரே கூடம், அதைச் சுற்றி நாலு பக்கமும் எட்டடி அகல வராந்தா. கூடத்துக்குள் குறுக்குச் சுவர் கிடையாது.

குறுக்குச் சுவர் இல்லாததுதான் இந்தக் கட்டடத்தை எண்பது வருஷம் பயன்பாட்டில் வைத்திருந்தது என்பது என் கணிப்பு. அதற்கான காரணம் கீழே வரும் வரிசையில் தெரியும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. மலையாளப் பலகை இருந்த இடத்தில் தமிழ்ப் பலகை வந்தது. கட்டடத்துக்கு வேறு எதுவும் ஆகவில்லை. தமிழ், மலையாளம் இரண்டு மொழிப் பத்திரிகைகளும் அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கே வந்திருக்கின்றன.

பூங்காவுக்குள் ஒவ்வொன்றாக வந்தவை

எந்தக் கட்டடம் எப்போது வந்தது என்று ஒரே இடத்தில் எழுதி வைத்த பதிவு பேரூராட்சியில் இல்லை. தீர்மானப் புத்தகம், அளவுப் புத்தகம், மின் இணைப்பு அட்டைகள் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வரிசையைக் கண்டுபிடித்தோம். இதைவிட அதிகமாக உதவியது குழுவிலிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஊருக்குள் அலைந்து சேகரித்த பழைய படங்கள். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோக்கள், கல்யாணத்துக்கு மறுநாள் பூங்காவில் எடுத்த மாப்பிள்ளை பெண் படங்கள், கட்சிக் கூட்டப் படங்கள். ஆட்களுக்குப் பின்னால் நின்ற கட்டடங்களைப் பார்த்தே ஆண்டுகளை நெருங்க முடிந்தது. ஒரு கல்யாணப் படத்தில் மணமக்களின் தலைக்கு மேலே மேல்நிலைத் தொட்டிக்குச் சாரம் கட்டியிருக்கிறது. தொட்டியின் வயதை அந்தப் படம்தான் உறுதி செய்தது.

முதலில் வந்தது வானொலி. 1943இலேயே திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் தொடங்கிவிட்டது. 1950இல் அது அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. ஐம்பதுகளின் நடுவில் வாசகசாலை வராந்தாவின் வடகிழக்கு மூலையைச் செங்கல் வைத்து அடைத்து ரேடியோ அறை ஆக்கினார்கள். முகட்டில் ஒரு குழாய் ஒலிபெருக்கி. 1963இல் திருநெல்வேலி நிலையம் வந்தபின் செய்தி நேரத்துக்குக் கூட்டம் இன்னும் கூடியது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் சொன்னார்: "1965 சண்டை நேரத்துல புல்லுல உக்கார இடம் கெடையாது சார். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கேப்போம்." 1984 அக்டோபர் 30 அன்று நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாக நாகர்கோவில் நிலையம் தொடங்கியபோது, வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்திருந்தது. பூங்கா ரேடியோ அறை அதற்கு முன்பே வாட்ச்மேன் அறையாகிவிட்டது.

எழுபதுகளில் தெற்கு ஓரத்தில் காங்கிரீட் மேடை. அதே காலத்தில் வாசகசாலைக் கூடம் பகலில் பால்வாடி, மாலையில் பத்திரிகை படிக்கும் இடம் என்று இரண்டு வேலை பார்த்தது. கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைக்கும்வரை சில வருஷம் அதுவும் அங்கேதான் இருந்தது. இவ்வளவு மாற்றத்துக்கும் ஒரு சுவரைக்கூட உடைக்க வேண்டியிருக்கவில்லை. அலமாரிகளை நகர்த்தினார்கள், பாய் விரித்தார்கள், சுருட்டினார்கள், அவ்வளவுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வடமேற்கில் மேல்நிலைத் தொட்டியும் பம்ப் அறையும் வந்தன. ஊருக்குள் பேரூராட்சிக்குச் சொந்தமான மேடான இடம் வேறு இல்லாததால் அன்றைக்கு அது சரியான முடிவுதான். தொண்ணூறுகளில் தொலைக்காட்சி அறை: நாலு காங்கிரீட் தூண், மேலே தட்டுக்கூரை, முன்பக்கம் இரும்புக் கதவு போட்ட ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு ஊரே கூடியிருக்கிறது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் அந்த அறைக்கு வேலை இல்லாமல் போனது. பிளீச்சிங் பவுடர் மூட்டையும் கழற்றிய தெருவிளக்குகளும் உள்ளே போயின.

வருமானத்துக்காகச் சாலை ஓரச் சுற்றுச்சுவரை உடைத்துக் கடைகள் கட்டியது 2000ஐ ஒட்டி. கழிப்பறை இரண்டு முறை கட்டப்பட்டிருக்கிறது. முதலாவது தண்ணீர் வசதி இல்லாமல் பூட்டப்பட்டது. இரண்டாவதைக் கடைகளுக்குப் பின்னால் இருட்டில் கட்டியதால் பெண்கள் யாரும் போகவில்லை.

இந்த வரிசையில் வந்த ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் ஊர் கேட்டு வாங்கியது. அதற்கான மனுக்கள் தீர்மானப் புத்தகத்தில் இருக்கின்றன. புதிதாக ஒன்று வரும்போது பழையதில் எதை எடுப்பது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. எண்பது வருஷத் தீர்மானங்களில் 'கட்ட' என்று எத்தனையோ இருக்கின்றன. 'அகற்ற' என்று ஒன்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. 2017 வாக்கில் ஒன்பது கட்டுமானங்கள். கூரையும் சிமெண்ட் தளமுமாகப் பூங்காவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண் மூடப்பட்டிருந்தது.

ஓக்கிக்குப் பிறகு

2017 நவம்பர் 29 இரவிலும் 30ஆம் தேதியிலும் ஓக்கிப் புயல் மாவட்டத்தை அடித்துப் போட்டது. கடலுக்குப் போனவர்களை இழந்த வீடுகளின் துயரத்துக்கு முன்னால் ஒரு பூங்காவின் சேதத்தைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் இந்த ஆய்வுக்கு அது தேவை. கிழக்கு மூலையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து தொலைக்காட்சி அறையின் தட்டுக்கூரைமேல் விழுந்தது. கூரை விரிசல் விட்டுத் தூண் ஒன்று சாய்ந்தது. வாசகசாலையில் ஓடுகள் பறந்தன; தென்மேற்குச் சரிவு கிட்டத்தட்ட முழுசாகப் போயிற்று. ஆனால் மரச்சட்டம் அசையவில்லை.

பறந்த ஓடுகளுக்குப் பதிலாகத் தற்காலிகமாகத் தகரம் போட்டார்கள். அந்தத் தகரம் ஏறக்குறைய ஐந்து வருஷம் இருந்தது. ஓட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் விட்ட இடைவெளி வழியாக இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் (வடகிழக்குப் பருவமழை) உள்ளே இறங்கின. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஒரு மழைக்கு நனைந்த மரம் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கழுக்கோல் நுனிகளில் கறையான் ஏறியது. 2020இல் கொரோனா ஊரடங்கில் பூங்காவைப் பூட்டியபின் கட்டடத்தைக் கவனிக்க ஆளில்லை.

2022: முன்மொழிவு

அந்த நேரத்தில் தமிழ்நாட்டின் பல நகரங்களில் போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்காக அறிவுசார் மையங்கள் கட்டத் தொடங்கியிருந்தார்கள். அப்படி ஒன்று தங்கள் ஊருக்கும் வேண்டும் என்று இளைஞர்கள் மனு கொடுத்தார்கள். நியாயமான கோரிக்கை. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது? பேரூராட்சியும் அக்கறையோடு எடுத்துக்கொண்டது. வாசகசாலை 'பழுதடைந்த கட்டடம்' என்று குறிக்கப்பட்டு, அதை இடித்து இரண்டு மாடி எழுப்ப வரைவு தயாரானது.

காலையில் நடக்க வருகிறவர்களும் பழைய மாணவர்களும் எதிர்த்தார்கள். முதல் கூட்டம் சண்டையாகத்தான் முடிந்தது. ஒரு பக்கம், "பழைய சுவரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு எங்க படிப்பைக் கெடுக்கிறீங்க" என்றார்கள். மறுபக்கம், "பூங்காவையே கட்டடமா ஆக்கிட்டுப் போங்க" என்றார்கள். செயல் அலுவலர் ஆசிரியையிடம் நேராகவே சொன்னார்: "டீச்சர், புதுசுக்குத் திட்டத்துல நிதி கேட்கலாம். பழசைச் சரிபண்ணணும்னா எந்தத் தலைப்புல கேட்பேன்?" பல ஊர்களில் பழைய கட்டடங்கள் இடிபடுவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். கட்டடத்தின் நிலையைப் பார்த்து வந்த முடிவாக அது இருப்பதில்லை. நிதி எந்தத் தலைப்பில் கிடைக்கிறதோ அதற்கேற்ப வந்த முடிவாக இருக்கிறது.

இரண்டு தரப்பிலிருந்தும் ஆட்களை எடுத்து ஆலோசனைக் குழு அமைக்கலாம் என்று வார்டு உறுப்பினர் யோசனை சொன்னார். தலைவர் ஒத்துக்கொண்டார்.

பார்த்தது

வாசகசாலையை மட்டும் ஆராயாமல் ஒன்பது கட்டுமானங்களையும் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்தோம். எல்லாம் அதிலிருந்துதான் மாறியது.

வாசகசாலைச் சுவர் வெளியே பார்க்க மோசமாக இருந்தது. உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, ஒரு இடத்தில் கை வைத்தால் உதிர்ந்தது. இதைப் பார்த்துத்தான் 'பழுதடைந்தது' என்று எழுதியிருந்தார்கள். பூச்சைத் தட்டி எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தொண்ணூறுகளில் ஒரு பராமரிப்பு வேலையில், பழைய சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே சிமெண்ட் பூசி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வெட்டுக்கல் ஈரத்தை உறிஞ்சும் கல். சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் உறிஞ்சிய ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டன. உள்ளே சிக்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பூச்சைத் தள்ளியிருக்கிறது. உள்ளே கல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. தரையை ஒட்டிய இரண்டு வரிசையில் மட்டும் சில கற்கள் அரித்துப் போயிருந்தன.

கழுக்கோல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கெட்டிருந்தது, அதுவும் சுவரில் உட்காரும் நுனிப்பகுதியில். அந்த நுனிகளையும் சிமெண்ட் வைத்து அடைத்திருந்ததுதான் கறையானுக்கு வசதியாகப் போயிற்று. உத்திரங்கள் ஆணி இறங்காத உறுதியில் இருந்தன.

அடுத்தது காங்கிரீட் கட்டடங்கள். தொலைக்காட்சி அறைக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தூண்களில் கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைப் பிளந்திருந்தது. உடைந்த இடத்தில் அளந்தால் கம்பிக்கு மேல் காங்கிரீட் மூடல் சில இடங்களில் 15 மில்லிமீட்டர்கூட இல்லை. காங்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதித்தொகுப்பான ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்குத் திறந்து நிற்கும் காங்கிரீட்டைக் கடுமையான சூழலில் சேர்த்து 45 மில்லிமீட்டர் மூடல் கேட்கிறது. மலைக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிய இந்த மாவட்டத்தில் உப்புக்காற்று எட்டாத இடம் குறைவு. மேல்நிலைத் தொட்டியின் அடித்தளத் தூண்களிலும் இதே விரிசல் தொடக்கம் தெரிந்தது. மேடை மட்டும் பரவாயில்லை.

ஆக, 'பழுதடைந்த கட்டடம்' என்ற பட்டியலில் இருந்தது ஒன்று, உண்மையில் ஆபத்தாக நின்றது வேறொன்று. தொலைக்காட்சி அறைக்குப் பக்கத்தில்தான் குழந்தைகளின் சறுக்கு இருந்தது. எழுத்து வேலை முடியும்வரை காத்திராமல் அன்றைக்கே அதைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னோம், வாட்ச்மேன் கட்டினார்.

மூன்றாவதாக, ஆட்கள். படிக்க வருகிறவர்கள் மேடை ஓரத்திலும் மரத்தடியிலும் உட்கார்ந்திருந்தார்கள். காலையிலும் மாலையிலும் அவர்களிடம் கேட்டோம். மாடிக் கட்டடம் வேண்டும் என்று மனுவில் இருந்தது. நேரில் பேசும்போது வந்த பதில்கள் மேசை, சார்ஜ் போட பிளக், மின்விசிறி, நல்ல வெளிச்சம், குடிதண்ணீர் என்று இருந்தன. ஒரு பெண் சொன்னது எல்லாவற்றையும் மாற்றியது: "சார், மாடி எதுக்கு? ராத்திரி எட்டு மணி வரைக்கும் லைட்டும், உள்ள தாழ்ப்பாள் இருக்கிற ஒரு பாத்ரூமும் தந்தா போதும். இப்ப நாங்க தண்ணியே குடிக்காமத்தான் வந்து படிக்கிறோம்."

வரைவுத் திட்டத்தில் கழிப்பறை மாடிப்படிக்கு அடியில் ஒன்றே ஒன்று இருந்தது.

எடுத்த முடிவும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. வாசகசாலையை இடித்துப் புதிதாகக் கட்டுவது; எதையும் தொடாமல் விடுவது; வாசகசாலையைச் சரிசெய்து படிப்பு மையமாக்கிவிட்டு, செத்துப்போன கட்டடங்களை எடுப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

சட்டத்தைக் காட்டி இடிப்பதைத் தடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை 1991இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதும் ஊரில் சிலருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இங்கே கேட்டது தனியார் யாரும் இல்லை, ஊர்ப் பிள்ளைகள். வழக்குப் போட்டிருந்தால் வருஷக்கணக்கில் இழுத்திருக்கும். அதுவரை அவர்கள் மரத்தடியில்தான் இருந்திருப்பார்கள். அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

எங்களை இழுத்த காரணம் கூடத்தின் அமைப்பு. குறுக்குச் சுவர் இல்லாததால் மேசைகளை வரிசையாகப் போடலாம். வராந்தாவைச் சேர்த்தால் புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தைவிட அதிகம் பேர் உட்காரலாம் என்பது வரைபடத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. நண்பகலில் கூடத்துக்குள் இருந்த வெப்பமும், மேடைக்குப் பின்னால் காங்கிரீட் தட்டுக்கூரையின் கீழ் இருந்த ஒப்பனை அறையின் வெப்பமும் எப்படி என்று இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்த மாணவர்கள், அதன்பின் மாடியைப் பற்றிப் பேசவில்லை.

முடிவில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தோம்: இனி பூங்காவுக்குள் எந்தக் கூரை புதிதாக வந்தாலும் அதே அளவு கூரை ஒன்று போக வேண்டும். மன்றம் அதைத் தீர்மானமாகவே போட்டது. நிதிப் பிரச்சினைக்குச் செயல் அலுவலரே வழி கண்டுபிடித்தார். கழிப்பறையும் மின்வசதியும் புதுப் பணி என்ற தலைப்பில் போயின. கூரையும் சுவரும் பேரூராட்சியின் பொதுநிதியில், பராமரிப்புத் தலைப்பில்.

வேலை நடந்த விதம்

2023 ஜனவரியில் தகரத்தைக் கழற்றினார்கள். பத்மநாபபுரம் பக்கம் பழைய வீடுகளில் ஓட்டு வேலை பார்த்துப் பழகிய ஒரு மூத்த ஆசாரி மேற்பார்வைக்கு வந்தார். அவர் இல்லாவிட்டால் கூரை வேலை தப்பாகப் போயிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஓடுகளைக் கீழே இறக்கியதும் அவர் செய்த முதல் வேலை, ஒவ்வொன்றையும் திருப்பிப் பின்பக்க முத்திரையைப் பார்த்து அடுக்கியது. மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொன்னாலும் அது மங்களூர், பெரோக், கொல்லம் என்று பல ஊர்த் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டது. ஒவ்வொரு தொழிற்சாலை ஓட்டுக்கும் கவ்வும் பள்ளம் சிறிது மாறும். கலந்து மேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் மழை இறங்கும். எண்பது வருஷத்தில் உடைந்ததற்குப் பதில் கிடைத்ததையெல்லாம் சொருகியிருந்ததால் மூன்று வகை ஓடு கலந்திருந்தது. ஒரே முத்திரையுள்ள பழைய ஓடுகளை முன் சரிவுக்கும் கிழக்குச் சரிவுக்கும் ஒதுக்கினார். மற்ற இரண்டு சரிவுக்கும் புது ஓடு. சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு என்று கணக்குப் போட்டு, உடைசலுக்கும் சேர்த்து வாங்கி மிச்சத்தை மேடைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறோம். இருட்டைப் போக்க இடையிடையே கண்ணாடி ஓடு.

கெட்ட கழுக்கோலுக்குப் பதில் புது அயனி மரம் விலை கட்டாது. இடித்த பழைய வீடுகளின் மரத்தை விற்கும் டிப்போவில் தேடி, அதே கனமுள்ள அயனியை வாங்கினோம். நுனி மட்டும் கெட்டவற்றை ஆசாரி வெட்டி ஒட்டுப்போட்டார். முகட்டு ஓட்டைச் சிமெண்டில் பதிக்க ஒப்பந்தக்காரர் விரும்பினார். சூட்டில் சிமெண்ட் வெடித்து அந்த வழியாகத்தான் முதலில் ஒழுகும் என்று ஆசாரி விடவில்லை. சுண்ணாம்பில் பதித்தார்கள்.

சுவர்ப் பூச்சுதான் பெரிய தலைவலி. சிமெண்டைச் செதுக்கி எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவசரப்பட்டால் கல்லும் சேர்ந்து வரும். பிறகு நீர்த்த சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டிக் கரைசல். ஒவ்வொரு பூச்சும் நிதானமாகக் காய வேண்டும். பேரூராட்சி பயன்படுத்திய விலைப்பட்டியலில் இந்த வகைப் பூச்சுக்கு இனமே இல்லாததால், விலைப்புள்ளி ஒப்புதலில் வாரங்கள் போயின. கடைசிப் பூச்சு ஜூனில் இடவப்பாதி மழைக்குள் மாட்டிக்கொண்டது. மேற்குச் சுவரைத் தார்ப்பாய் போட்டு மூடிக் காத்திருக்க நேர்ந்தது.

தொலைக்காட்சி அறையையும் பழைய கழிப்பறைகள் இரண்டையும் பிப்ரவரியில் இடித்தார்கள். தொலைக்காட்சி அறை நின்ற அதே தளத்தில், வாசகசாலையிலிருந்து நேராகப் பார்வை படும் இடத்தில், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை. நடைபாதை முழுக்க விளக்கு. வராந்தா மூலையை அடைத்த ரேடியோ அறைச் சுவரை எடுப்பதா என்று விவாதம் வந்தது. பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். அதை விட்டுவிட்டு, கைப்பை, மதிய உணவு வைக்கும் அலமாரி அறையாக்கினோம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் தெற்கு வாசலில்.

பின்விளைவுகள்

2023 செப்டம்பரில் திறந்தார்கள். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய பெருமழை முதல் சோதனையாக வந்தது. கூரை ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது: புதுச் சரிவும் பழைய சரிவும் சந்திக்கும் மூலைவரியில். ஆசாரி வந்து மூலை ஓடுகளை மறுபடி வெட்டிப் பொருத்தினார். அதற்குப் பிறகு வந்த இடவப்பாதியில் ஒழுக்கு இல்லை. மேற்குச் சுவரில் பூச்சு ஒரு முழ நீளத்துக்கு மாவாக உதிர்ந்தது. மழைக்குள் மாட்டிய பகுதி அதுதான். 2024 மார்ச்சில் திரும்பப் பூசினார்கள்.

கூடம் நிரம்புகிறது. தேர்வு நெருங்கும் மாதங்களில் வராந்தாவிலும் இடமில்லை. பெண்கள் எண்ணிக்கை ஆண்களுக்குச் சமமாக வந்ததற்குக் கழிப்பறையும் விளக்கும்தான் காரணம் என்று அவர்களே சொல்கிறார்கள்.

சரியாகாத விஷயங்களும் உண்டு. மேடையில் மைக் வைத்து நிகழ்ச்சி நடந்தால் படிப்பு நின்றுபோகிறது. தேர்வு மாதங்களில் மாலை ஐந்து மணிக்கு மேல் மேடைக்கு அனுமதி இல்லை என்று விதி போட்டார்கள். கோவில் கொடையும் சர்ச் திருவிழாவும் வரும்போது அந்த விதி நடப்பதில்லை, ஊரில் அதை நடத்தவும் முடியாது. கடைக்காரர்கள் பின்பக்கம் இழுத்துக் கட்டிய தகரக் கூரைகள் அப்படியே இருக்கின்றன. சுண்ணாம்புப் பூச்சின் விலைக்குத் தணிக்கையில் ஆட்சேபம் எழுந்து, விளக்கம் கொடுத்து முடிக்கச் செயல் அலுவலருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. நல்ல வேலை செய்த அலுவலருக்கு அந்த அலைச்சல் வந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இன்னொரு ஊரில் செய்வதானால்

கூரை பிரிக்கும் வேலையும் சுண்ணாம்பு வேலையும் இந்த மாவட்டத்தில் ஜனவரி முதல் மே நடுப்பகுதிக்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு விலைப்புள்ளி ஒப்புதல் அதற்கு முந்தைய நவம்பரிலேயே கையில் இருக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு, பழைய மரம், ஓடு பிரித்து மேய்தல் மூன்றுக்கும் பக்கத்து ஊர்களில் நடந்த வேலைகளின் விலையை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் தணிக்கைக் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

பூங்காவின் எல்லாக் கட்டுமானங்களையும் ஒரே வரைபடத்தில், கட்டிய ஆண்டு, இப்போதைய பயன், நிலை மூன்றோடும் குறித்து வைப்பது முதல் வேலையாக இருக்கட்டும். எங்கள் ஊரில் அது சண்டை முற்றிய பிறகுதான் தயாரானது. முன்பே இருந்திருந்தால் குழந்தைகள் விளையாடும் இடத்தில் அந்தச் சாய்ந்த தூண் ஐந்து வருஷம் நின்றிருக்காது. பயன்படுத்துகிறவர்களிடம் கேட்பதும் அப்படித்தான். மனுவைப் படித்துவிட்டு வரைபடம் போடுவதைவிட, மனு கொடுத்தவர்களோடு அரைநாள் உட்கார்ந்தால் செலவு குறையும். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் வைத்துக் கழிப்பறையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

புதிய காங்கிரீட் கட்டினால் கம்பி மூடலை வார்ப்பதற்கு முன் ஒருவர் அளந்து கையெழுத்துப் போடட்டும். இது ஐந்து நிமிட வேலை.

அடுத்த கேள்வி ஏற்கெனவே வந்துவிட்டது. ஊருக்கு வெளியே புது நீர்த்தேக்கத் தொட்டி கட்டி முடித்து இணைப்புக் கொடுத்ததும், பூங்காவிலுள்ள பழைய மேல்நிலைத் தொட்டியும் பம்ப் அறையும் இடிக்கப்படும். ஐந்து சென்ட்டுக்கு மேல் இடம் கிடைக்கும். மாணவர்கள் இரண்டாவது கூடம் கேட்கிறார்கள். ஓக்கியில் போன மரத்துக்குப் பதில் அங்கே மரம் வைக்க வேண்டும் என்று நடக்க வருகிறவர்கள் கேட்கிறார்கள். ஒரு கூரை போனால்தான் ஒரு கூரை வரலாம் என்ற தீர்மானத்தின்படி பார்த்தால் இரண்டு தரப்புக்கும் வாதம் இருக்கிறது. என் பங்குக்கு, மரம் வையுங்கள், கூடத்துக்குக் கடைகளின் பின்பக்க ஆக்கிரமிப்பை எடுத்து அந்த இடத்தைக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மன்றம் இதை எடுக்கும் கூட்டத்துக்கு ஒன்பது கட்டுமான வரைபடத்தின் திருத்திய பிரதியோடு குழு போகிறது.